ஜெக்கரியா அளித்த சான்றின்படி

காவிரி கடலைத் தொடுகிற இந்தக் கோடியில், துப்பாக்கி ரிப்பேர் பார்க்க அரசாங்க லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். கீழ்வேளூரில் நான், சாமிதுரை. நாகூரில் ஜெக்கரியா. ஒருவரோடு நிறுத்தியிருக்கலாம். கலெக்டர் ஆபீசில் யாருக்கும் அந்த அறிவு இல்லை.

பட்டறையை மூடி மூன்று வருஷமாகிறது. பொய் சொல்ல இப்போது நிறைய நேரம் இருக்கிறது. ஆனாலும் இது பொய்யில்லை. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த லைசென்ஸ் என் அப்பா ஐம்பத்தாறில் வாங்கியது. அவருக்குப் பின் என் பெயருக்கு மாற்ற நான் ஏறி இறங்கிய படிகளை அடுக்கினால் பெரிய கோயில் விமானத்தைத் தாண்டும். பம்ப்செட்டும் டிராக்டரும்தான் சோறு போட்டன. வருஷத்துக்கு நாலு துப்பாக்கி வந்தால் அதிகம். ஆனால் "துப்பாக்கி ஆசாரி" என்று ஊர் கூப்பிட்டது அந்தக் காகிதத்தால்தான். அது போனால் நானும் தகரம் ஒட்டுகிற இன்னொரு ஆள்.

ஜெக்கரியாவிடம் எனக்கு என்ன பொறாமை என்று கேட்பீர்கள். என்ன இல்லை என்று கேளுங்கள், சீக்கிரம் முடியும். அவர் கை நடுங்காது. அவர் பட்டறைத் தரையில் ஊசி விழுந்தாலும் தெரியும். விசைப்படகு இன்ஜினைப் பிரித்துவிட்டு அதே கையோடு பிரியாணி சாப்பிடுவார், சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. என்னை "அண்ணே" என்று வேறு அழைப்பார். மரியாதையாகப் பேசுகிற எதிரியை வைத்துக்கொண்டு மனிதன் எப்படித் தூங்குவது?

இரண்டாயிரத்துப் பதினொன்று, மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஒரு கல்யாணப் பந்தலில் மிராசுதார் குஞ்சிதபாதம் தன் கைத்துப்பாக்கியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதன் மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குள் எரிகிற மிளகாய் விதை மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. ரெட் டாட் என்று பெயர். ஒரு கண்ணை மூடி முன்குறி, பின்குறி இரண்டையும் ஒன்று சேர்த்துத் தவிக்க வேண்டியதில்லை, புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே குண்டு போகும். சிங்கப்பூர் மச்சான் கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்ததாம்.

"யாருங்க பொருத்துனது?" என்றேன். பதில் தெரிந்தேதான் கேட்டேன்.

"நாகூர் பாய்தான். ஒரே நாள் வேலை."

அன்றைக்குப் பந்தியில் என் இலையில் பாயசம் விழுந்தது. எனக்கு வேப்பெண்ணெய் மாதிரி இருந்தது. வயிற்றில் எரிந்த நெருப்பில் கீழ்வேளூர் தாலுகா முழுமைக்கும் இட்லி அவித்திருக்கலாம். ஓடம்போக்கி ஆற்றில் குதித்திருந்தால் தண்ணீர் கொதித்திருக்கும். நல்லவேளை, ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூரை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது.

என் மனைவி நீலாம்பாள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்னங்க, பாய் இந்தத் தடவ என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாததுக்கா மூணு நாளாப் பல்லைக் கடிக்கிறீங்க? இருக்கிறதே பதினாறு பல்லு."

நாலாம் நாள் காலையில் என் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வைத்தியலிங்கம். குஞ்சிதபாதத்தின் பெரியப்பா மகன். பங்காளிகள். இரண்டு பேரின் அப்பாக்களும் கூலிப் போராட்டக் காலத்தில், ஆட்கள் வயலில் கொடி நட்டுவிட்டார்கள் என்று பயந்து, மெட்ராஸில் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே ஜாதித் துப்பாக்கி இரண்டு வாங்கியவர்கள். அடுத்தடுத்த நம்பர். குஞ்சிதபாதம் வீட்டுக்கு எழுபத்திரண்டில் முடிவது, இவர் வீட்டுக்கு எழுபத்துமூன்றில் முடிவது. 'பெரியவர் வீட்டுக்கு ஏன் பின் நம்பர்?' என்பதில் நாற்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் வேட்டியில் ஒரு கட்சியின் கரை, இன்னொருவர் வேட்டியில் எதிர்க்கட்சியின் கரை. அந்தப் பக்கம் மிக்ஸி வாங்கினால் இந்தப் பக்கம் கிரைண்டர். சுட்டது மட்டும் இரண்டு பேரும் இல்லை. எழுபத்துநாலாம் வருஷம் ஒரே ஒரு தடவை ஒரு நரியைப் பார்த்துச் சுட்டார்கள் என்பார்கள். நரி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதாம்.

"யோவ் சாமிதுரை, குஞ்சிதபாதம் பிஸ்டலைப் பாத்தியா?"

"பாத்தேனுங்க ஐயா. சேவலுக்குக் கொண்டை வச்ச மாதிரி உசந்து நிக்குது."

அவர் முகம் தாமரையாக மலர்ந்தது. "அதான்யா! எனக்குக் கொண்டை வேணாம். உள்ள பதிஞ்சு, கூடவே பொறந்த மாதிரி இருக்கணும்." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அவருக்கும் ஒரு மச்சான் இருந்தார், துபாயில். "நாகூரானுட்ட போனேன். பதிக்க முடியாதுன்னுட்டான்."

என் காதில் நாதஸ்வரம் கேட்டது. "முடியாதுன்னாரா? அந்த வார்த்தையையேவா சொன்னாரு?"

"அதேதான். என்னமோ லைசென்சு அது இதுன்னு இழுத்தான். தெரியாதவன் நூறு காரணம் சொல்லுவான்."

அந்த "லைசென்சு அது இது" என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'முடியாது' என்ற சொல்லையே கற்கண்டு மாதிரி நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அவசரம் இருந்தது. ஓடம்போக்கிக் கரையில் அவருக்குப் பதினெட்டு ஏக்கர். எல்லையம்மாளும் இன்னும் பன்னிரண்டு குடும்பமும் இரண்டு தலைமுறையாகப் பதிவுக் குத்தகையில் சாகுபடி செய்துவந்தார்கள். அவர்களைக் கிளப்பிவிட்டு நிலத்தை இறால் பண்ணைக்கு விற்க இவர் நாள் பார்த்திருந்தார். பங்குனி பத்தாம் தேதி தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை. எப்போதும் பேச்சுவார்த்தைக்கு இடுப்பில் துப்பாக்கியோடுதான் போவார், சட்டை மட்டும் தற்செயலாக விலகும். இந்தத் தடவை சட்டை விலகும்போது சிவப்புப் புள்ளியும் தெரிய வேண்டும்.

காரிலிருந்து அவர் மனைவி ராசம்மாள் இறங்கி வந்தார்கள். மஞ்சள் துணி மூட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொடுத்தார்கள். பிரித்தால் துப்பாக்கி. மேலே ஸ்லைடு என்கிற பாகம், சுடும்போது பின்னால் ஓடி முன்னால் வருகிற இரும்பு மேல்மூடி. அதன் முதுகில் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் எட்டணா அளவு குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வச்சது. முப்பத்தெட்டு வருஷமா நான் வைக்கிற பொட்டு. அந்தப் பாய் என்னா செஞ்சிட்டாரு தெரியுமா? மண்ணெண்ணெயப் போட்டு பிரஷ்ஷால சுத்தமாத் தொடச்சு அனுப்பிட்டாரு! பொட்டழிஞ்சு வந்தா என் மனசு என்ன பாடுபடும்? வந்தவொடன திரும்ப வச்சேன். நீங்க கை வச்சுத் தொடைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"வேலை பாக்கணுமே அம்மா..."

"மெஷின் எடுத்தா எடுக்கட்டும். மெஷின் பாவம் பண்ணாது. மனுசன் கையால அழிக்கக் கூடாது."

ஜெக்கரியா துடைத்தார் என்றால் நான் துடைக்க மாட்டேன். அவருக்குத் தெரியாத மரியாதை எனக்குத் தெரியும். "உங்க பொட்டு மேல என் விரல் படாதுங்க" என்று சத்தியம் செய்தேன்.

நம்பர் எங்கே இருக்கிறது என்று நான் பார்க்காமல் இல்லை. கைப்பிடிக்கு மேலே சட்டத்தில் ஆறு இலக்கம் இருந்தது. பொதுவாக நம்பர் அங்கேதான் இருக்கும். சரி என்று விட்டுவிட்டேன்.

ஸ்லைடைத் தனியாகக் கழற்றி மில்லிங் மெஷினில் பிடிபோட்டேன். சந்தன வாசனையோடு வேலை ஆரம்பமானது. கட்டர் இறங்கியதும் முதலில் குங்குமம் பறந்தது, பிறகு சந்தனம், பிறகு இரும்பு. அந்த இரும்பு எப்பேர்ப்பட்டது தெரியுமா? மூன்று கட்டரைத் தின்றது. நாலாவது கட்டர் என்னைக் கும்பிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. 'நாகூர் ஜெக்கரியா.' நான் கட் செய்தேன். கால் மணி கழித்து மறுபடியும். மறுபடியும் கட்.

"எடுத்துப் பேசுங்களேன்" என்றாள் காப்பி கொண்டுவந்த நீலாம்பாள்.

"உனக்கு வெவரம் தெரியாது. வைத்தியலிங்கம் எங்கிட்ட வந்தது அங்க தெரிஞ்சிருச்சு. பாய்க்கு வயிறு எரியுது. எரியட்டும்."

"எரியிற நாத்தம் இங்கேருந்துல்ல வருது."

மூன்றாவது தடவை அடித்தபோது போனை உமிப்பானையில் வைத்து மூடினேன்.

இரண்டு நாள் வேலை. முடிந்தபோது நானே என்னைச் சேவித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணாடி ஸ்லைடுக்குள் தாய் மடியில் பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. இடுக்கில் முடிகூட நுழையாது. நீலாம்பாளின் முடி, என் முடி, ஆட்டு முடி மூன்றையும் விட்டுப் பார்த்தேன். வைத்தியலிங்கம் வாங்கிப் பார்த்து, "குஞ்சிதபாதம் செத்தான்" என்றார். நான் மனதுக்குள் வேறு பெயரைப் போட்டுக்கொண்டேன்.

அதற்குள் தேர்தல் தேதி வந்துவிட்டது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்தபிறகுதான் திரும்பக் கிடைக்கும். இங்கே அது ஒரு திருவிழா. மிராசுதார்கள் சீர்வரிசை கொண்டுபோகிற மாதிரி வருவார்கள். யார் துப்பாக்கி பெட்டியில் மேலே, யாருடையது கீழே என்று தகராறு வரும். பேச்சுவார்த்தைக்கு முன்னால் கைவிட்டுப் போகிறதே என்று வைத்தியலிங்கத்துக்கு வருத்தம்தான். ஆனால் பங்காளியின் துப்பாக்கிக்குப் பக்கத்தில் தன்னுடையது படுக்கப்போகிறது என்ற ஆனந்தம் அதை விழுங்கிவிட்டது.

நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கல்யாண வேட்டி கட்டி, மேல்துண்டு போட்டு, பெண்ணைப் பெற்றவன் மாதிரி போய் நின்றேன்.

எப்போதும் ஏட்டு உத்திராபதி லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு சீட்டுக் கட்டிவிடுவார். துப்பாக்கியைப் பார்க்க மாட்டார், அதன் மேல் சாமி இருக்கிறது. இந்தத் தடவை புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜெயா டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தார். குஞ்சிதபாதத்தின் துப்பாக்கியைப் பார்த்தார், ஸ்லைடின் முதுகைப் பார்த்தார், எழுபத்திரண்டு என்று வாசித்தார். சரி.

அடுத்தது எங்களுடையது. டார்ச் வெளிச்சம் மேலே போனது, கீழே போனது. அவர் நிமிர்ந்தார்.

"இது யாரு வேலை?"

வாழ்நாள் முழுக்க நான் காத்திருந்த கேள்வி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தேன். "அடியேன்தான் மேடம். கீழ்வேளூர் சாமிதுரை. அளவு, வெட்டு, இழைப்பு எல்லாம் ஒரே கை."

"அப்படியா. நம்பர் எங்க?"

"கைப்பிடி மேல இருக்கே மேடம்."

"அது கம்பெனிக்காரன் பேட்டன்ட் நம்பர். துப்பாக்கி நம்பர் ஸ்லைடு முதுகுல இருக்கணும். இங்க பாருங்க, அவரோடதுல இருக்கு. உங்களோடதுல அந்த இடத்துல கண்ணாடி இருக்கு."

சந்தனத்துக்கு அடியில் நம்பர் இருந்திருக்கிறது. நான் பொட்டை மதித்து, நம்பரை வெட்டியிருக்கிறேன்.

"நம்பரை அழிச்சா என்ன குத்தம்னு லைசென்ஸ் வச்சிருக்கிற உங்களுக்குத் தெரியும்" என்றார் ஜெயா. "மூணு நாள் தர்றேன். தெரியாம நடந்ததுன்னு காட்ட ஏதாவது இருந்தா கொண்டாங்க. இல்லன்னா கேஸ். உங்க ரிப்பேர் லைசென்ஸ ரத்து பண்ணச் சொல்லி கலெக்டருக்கு எழுதிடுவேன்."

வைத்தியலிங்கம் உடனே கையை விரித்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க மேடம். இவன்தான் ஆசைப்பட்டு வெட்டுனான்."

பின்னால் குஞ்சிதபாதம் சிரித்த சிரிப்பு வேளாங்கண்ணி வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் லைசென்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சட்டத்துக்குள் பழுத்த காகிதம். நீலாம்பாள் உமிப்பானையிலிருந்து போனை எடுத்து, ஊதி, என் மடியில் வைத்தாள்.

மறுநாள் பஸ் ஏறி நாகூர் போனேன். தர்கா வாசலை மூன்று தடவை சுற்றினேன். வேண்டுதலுக்கு வந்தவன் என்று ஒரு அம்மா எனக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். வேண்டுதல்தான். ஜெக்கரியா இன்று கடை திறந்திருக்கக் கூடாது என்ற வேண்டுதல். திறந்திருந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த ஸ்டூலில் துடைக்க எதுவும் இல்லை. "மூணு தடவ போன் போட்டேனே."

"டவர் இல்ல பாய்."

"இல்லண்ணே. ரிங் போயி போயி நடுவுல நின்னுச்சு. கட் பண்ணாத்தான் அப்படி நிக்கும்." டீயை நீட்டினார். "அந்த ஸ்லைடுல நம்பர் மேலதான் அடிச்சிருக்கு, வெட்டிடாதீங்கன்னு சொல்லத்தான் கூப்புட்டேன். குஞ்சிதபாதம் ஐயாவோடதும் அதே ஜாதி. அதான் நான் வெட்டல, பின்குறி இருந்த பள்ளத்துலயே ஒரு தகடு செஞ்சு மாட்டி விட்டேன். கொண்டை மாதிரி அசிங்கமாத்தான் நிக்குது. என்ன செய்ய?"

கொண்டை என்று அவரே சொல்லிவிட்டார். என் கையிலிருந்த ஒரே ஆயுதமும் போனது.

டீயைக் கீழே வைத்தேன். நாற்பது வருஷம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "பாய், என் லைசென்ஸ் போவப்போவுது" என்றேன். அந்த நாலு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாலு கிலோ இளைத்துவிட்டது.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய பைலைக் கொண்டுவந்தார். தன் வாசலுக்கு வருகிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும், வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்துவைப்பாராம். அந்தக் காகிதத்தில் எழுபத்துமூன்றில் முடிகிற நம்பர் வெள்ளையாகத் தெரிந்தது. கீழே தேதி. அதற்குக் கீழே: 'ரெட் டாட் பதிக்க மேலே வெட்டச் சொன்னார். நம்பர் இருப்பதால் மறுத்தேன். காரணம் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.' அதற்கும் கீழே வைத்தியலிங்கத்தின் கையெழுத்து, வால் நீட்டி, கொம்பு வைத்து.

நம்பர் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், தெரிந்தே என்னிடம் மறைத்தார் என்பதற்கு அதுவே சாட்சி. நான் பிழைத்துக்கொண்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தப் பென்சில் தேய்ப்பு. ஒரே சீராக, ஒரு கோடு தப்பாமல், பட்டுத்துணி விரித்த மாதிரி. இந்த ஆளுக்குப் பென்சில்கூட வசப்படுகிறதே!

அவரும் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ஜெயா காகிதத்தைப் படித்தார், கையெழுத்தை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு ராசம்மாளை வரவழைத்து விசாரித்தார். "ஆமாம்மா, பொட்ட அழிக்கக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன்" என்று அந்த அம்மாள் உள்ளதைச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற வைத்தியலிங்கம் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெக்கரியா அந்தத் துப்பாக்கியைப் பார்க்க அனுமதி கேட்டார். ஸ்லைடை வெளிச்சத்தில் சாய்த்தார். நான் வெட்டிய பள்ளத்தின் மூலையில் நகத்தை ஓட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இந்த மூலை... இது எனக்கு வராதுண்ணே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், மேடம்! பாய் இப்பச் சொன்னாருல்ல, அதையும் எழுதிக்கங்க!"

"இது வாக்குமூலம். உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இல்ல" என்றார் ஜெயா, தலையைத் தூக்காமல்.

பங்குனி பத்தாம் தேதி தாசில்தார் ஆபீசில் நானும் ஒரு மூலையில் நின்றேன். வைத்தியலிங்கம் துப்பாக்கி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தேர்தலுக்குப் பிறகும் அது வராது, நம்பர் இல்லாத துப்பாக்கி அரசாங்கத்துக்கே சொந்தம் என்று ஆகியிருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை அடிக்கடி இடுப்புக்குப் போய் வெறுமையைத் தடவிவிட்டுத் திரும்பியது.

எதிரே உட்கார்ந்திருந்த எல்லையம்மாள் கேட்டாள். "என்னங்கய்யா, இடுப்புல கட்டெறும்பு ஏறிடுச்சா? எந்திரிச்சு ஒதறிட்டு உக்காருங்க, நாங்க திரும்பிக்கறோம்."

தாசில்தாரே சிரித்துவிட்டார். எந்தப் பேச்சுவார்த்தையிலும் கிடைக்காத நிம்மதியோடு அன்றைக்குப் பதின்மூன்று குடும்பமும் பேசினார்கள், பதிவுக் காகிதத்தை எடுத்து வைத்தார்கள். குத்தகை அப்படியே தொடரும் என்று எழுதிக் கையெழுத்தானது. அந்தப் பதினெட்டு ஏக்கரில் இன்றைக்கும் நெல்தான், இறால் இல்லை. இதில் என் பங்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்று எல்லையம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

என் லைசென்ஸ் தப்பித்தது. ஆனால் எப்படித் தப்பித்தது என்று பாருங்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: 'நாகூர் திரு. ஜெக்கரியா அவர்கள் அளித்த சான்றின்படி, திரு. சாமிதுரை என்பாரின் உரிமம் எச்சரிக்கையுடன் தொடர அனுமதிக்கப்படுகிறது.' அவர் 'அவர்கள்', நான் 'என்பார்'. அதோடு விட்டார்களா? அந்த உத்தரவை லைசென்ஸோடு சேர்த்துச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டுமாம். என் பட்டறையில், என் அப்பா படத்துக்குப் பக்கத்தில், எதிரியின் பெயர். மேலே காலண்டர் மாட்டிப் பார்த்தேன். சோதனைக்கு வந்த உத்திராபதி காலண்டரை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்.

பட்டறையை மூடியபிறகு அதை வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். தூக்கி எறிய மனம் வரவில்லை, அதில் என் லைசென்சும் இருக்கிறதே. ஒரு விஷயத்தில் மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆணி என் கையால் அடித்தது. ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, அரை நாள் பார்த்து அடித்த ஆணி.

போன ரம்ஜான் மாதத்தில் ஜெக்கரியா நோன்புக் கஞ்சியோடு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் நின்று தன் பெயரை ஒரு தடவை வாசித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "கொஞ்சம் எடது பக்கம் எறங்கியிருக்கு."

அவர் போனதும் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.